டவர் இல்லை என்று எழுதாதே, தாயி

தாயி, இது கல்யாணப் பேச்சு இல்லை, பயப்படாமல் படி. அப்பன் நான் கடிதம் எழுதினால் உள்ளே ஏதாவது ஒரு பையனின் போட்டோ இருக்கும் என்று நீ பிரிக்காமலே வைத்துவிடுவாய் என்று உன் அம்மா சொன்னாள். உறையை உதறிப் பார், ஒன்றும் விழாது. பையன்களுக்கு இப்போது அவ்வளவு தைரியம் கிடையாது. ஆராய்ச்சி செய்கிற பெண் என்றதும் ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர், "ஏனுங்க, எதைப் பேசினாலும் பொண்ணு ஆதாரம் கேக்குமுங்களா" என்று விசாரித்தார். "கேக்கும்" என்றேன். மோரைக் குடித்துவிட்டுப் போனவர்தான், டம்ளரைக் கீழே வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

விஷயம் வேறு. வருகிற திங்கட்கிழமை நீ உன் ஆராய்ச்சிப் புத்தகத்தை பைண்டிங் போட்டுக் கல்லூரியில் கொடுக்கப் போகிறாய். அதில் ஓரிடத்தில், எரியோட்டுப் பக்கத்து ஊரில் போன் டவர் சரியாகக் கிடைக்கவில்லை, ஆகவே அந்த ஊரைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று எழுதப் போகிறாயாம். நேற்று நீ அம்மாவிடம் சொன்னதை நானும் கேட்டேன். ஒட்டுக் கேட்கவில்லை. உன் அம்மா போனைக் காதில் வைத்துப் பேசியதே கிடையாது. ஸ்பீக்கரில் போட்டு, அடுப்பு மேடையில் சாய்த்து வைத்து, வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டே பேசுகிறவள். அவளிடம் ரகசியம் சொல்வதும் என்னிடம் சொல்வதும் ஒன்றுதான். தாயி, அந்த ஊரில் டவர் நன்றாகவே கிடைக்கிறது. நானே அந்த ஊர் வேப்பமரத்தடியில் நின்று வீடியோ பார்த்திருக்கிறேன், ஒரு இடத்திலும் சுற்றிக்கொண்டு நிற்கவில்லை. அங்கே டவர் இல்லாமல் இல்லை. அங்கே நான் இருந்தேன். உன் புத்தகத்தில் எழுதவேண்டியது அதுதான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்வேன், பொறுத்துக்கொள். எதைச் சொன்னாலும் தெருக்கோடியில் நிற்கிறவனுக்கும் விளங்கவேண்டும் என்பது என் தொழில் பழக்கம். எட்டாவதோடு நின்றவன் நான். மொபட்டின் பின்னால் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல்லைச் சுற்றி ஊர் ஊராக அறிவிப்புச் செய்கிறவன். துணிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், கும்பாபிஷேகம், காணாமல் போன பசுமாடு, எல்லாம் இந்த வாயால்தான் ஊருக்குப் போயிருக்கிறது. வீட்டில் ஒரு தமிழ், மைக்கில் ஒரு தமிழ். இந்தக் கடிதத்தை மைக் தமிழில் எழுதுகிறேன். வீட்டுத் தமிழில் எழுதினால் இடையிடையே உன்னைத் திட்டிவிடுவேன்.

நீ என்ன படிக்கிறாய் என்று தெருவில் கேட்டபோது முதலில் "டாக்டருக்கு" என்றேன். நீ கோபித்துக்கொண்டாய். "அப்படின்னா கம்ப்யூட்டருக்கு" என்றேன். அதற்கும் கோபித்தாய். ஹெல்த் இன்பர்மேட்டிக்ஸ் என்று நீ சொல்லிக்கொடுத்ததை நான் சொன்னதும் எதிர்வீட்டுக்காரர், "அப்ப கம்ப்யூட்டருக்கு ஊசி போடுமா ஒங்க மக" என்றார். நான் ஆமாம் என்றேன். அவர் இன்றைக்கும் தன் பேரனின் பழைய லேப்டாப்பை உனக்காகத் துணியில் சுற்றி எடுத்து வைத்திருக்கிறார். லீவுக்கு வரும்போது ஒரு தடவை தொட்டாவது பார்த்துவிடு, பாவம்.

ஆராய்ச்சி முறைகள் என்று ஒரு பாடம் வந்ததிலிருந்துதான் நீ வீட்டில் பேசுவது எங்களுக்குப் புரியாமல் போனது. ஒரு விஷயத்தைப் பற்றி வாயைத் திறக்குமுன் அதைப் பற்றி மற்றவர்கள் எழுதியது எல்லாவற்றையும் படித்திருக்கவேண்டும் என்றாய். இந்தச் சட்டம் மேடைப் பேச்சாளர்களுக்கு வந்தால் எனக்கு மைக் வாடகையே கிடைக்காது என்றேன். முதலில் ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் தொடங்கவேண்டும், இருக்கிறது என்று ஆதாரம் வந்தால்தான் நம்பவேண்டும் என்றாய். அதற்கு உன் அம்மா, "எங்க வீட்டுல தலகீழ். நீங்க வெளிய போய்ட்டு வந்தாலே ஏதோ பண்ணிட்டு வந்துருக்கீகன்னு வச்சுக்கிட்டுத்தான் நான் ஆரம்பிப்பேன்" என்றாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்போது சிரித்ததோடு சரி. இப்போது என்னைப் பார்த்தால் உன் முகத்தில் கேள்வித்தாள்தான் தெரிகிறது.

உன் ஆராய்ச்சி எனக்குப் புரிந்தவரை இவ்வளவுதான். சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலர் பாதி நாள் மறந்துவிடுகிறார்கள். தினமும் காலையில் போனில் ஒரு குரல் வந்து மாத்திரை போட்டாச்சா என்று கேட்டால் மறக்காமல் சாப்பிடுவார்களா என்று பார்க்கவேண்டும். எரியோட்டுப் பக்கம் ஒரு ஊர், குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு ஊர். ஒவ்வொரு ஊரிலும் பாதிப் பேருக்குப் போன் வரும், பாதிப் பேருக்கு வராது. யாருக்கு வரும் என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடும். ஞாயிற்றுக்கிழமை தோறும் நீ ஊருக்கு வந்து, வீடு வீடாகப் போய், அட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணி டேப்லெட்டில் ஏற்றிக்கொள்வாய். முதல் நாள் உன்னை எரியோட்டுப் பக்கத்து ஊரில் இறக்கிவிட்டது என் மொபட்தான். அன்றைக்கே எல்லாருக்கும் நான் உன் அப்பன் என்று தெரிந்துபோனது.

அந்தக் குரல் விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இருபது ஊருக்குப் பழக்கமான குரல் ஒன்று வீட்டிலேயே கிடக்கும்போது, ஹாஸ்டலில் கூட இருக்கும் பிள்ளையின் குரலைப் பதிவு செய்தாய். ஏன் என்று கேட்டதற்கு நீ சொன்னது நினைவிருக்கிறதா? "ஒங்க கொரலக் கேட்டா மாத்திரை போட மாட்டாங்கப்பா. பைய எடுத்துக்கிட்டுத் துணிக்கடைக்குக் கெளம்பிருவாங்க." பேச்சில் நீ என் மகள்தான், அதில் சந்தேகமில்லை.

ஆனால் என் மனத்தில் தைத்தது அதுவல்ல, அந்தப் பாதிதான்.

"மத்தப் பாதிப் பேரு என்ன ஆவாக?" என்று கேட்டேன்.

"அவங்க எப்பவும் போல இருப்பாங்கப்பா. அப்பத்தான் ஒப்பிட்டுப் பாக்க முடியும்."

"அவுக என்ன பாவம் பண்ணாக?"

"ஒரு பாவமும் பண்ணல. அவங்களுக்கும் மாத்திரை இருக்கு, டாக்டர் இருக்காரு. போன் மட்டுந்தான் இல்ல. எல்லாம் முடிஞ்சதும் அவங்களுக்கும் போன் வரும். இத அம்புட்டையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்கிருக்கேன்."

நீ சொன்னது சட்டப்படி சரிதான். ஆனால் தாயி, நம் பக்கத்தில் ஒரு பந்தியில் உட்கார வைத்துவிட்டுப் பாதி இலைக்குப் பரிமாறிப் பாதி இலையை விட்டால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா? உன் பெரியப்பா மகள் கல்யாணத்தில் வடை தீர்ந்துபோன கதை உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்போது என் தோளில் தூங்கும் வயசு. பழனி ரோட்டு மண்டபம். பந்தியின் நடுவில் வடை தீர்ந்துவிட்டது. கிழக்குப் பக்கத்து இலைகளில் வடை இருக்கிறது, மேற்குப் பக்கத்து இலைகளில் இல்லை. மேற்கே உட்கார்ந்திருந்தது மாப்பிள்ளை வீட்டார். நான் மைக் செட்டுக்காரன் அல்லவா, உதவி செய்வதாக நினைத்து, வடை வராதவர்கள் கையைத் தூக்குங்கள் என்று அறிவித்தேன். மண்டபமே கையைத் தூக்கியது. ஒருவர் ஒரு கையில் வடையை வைத்துக்கொண்டு மறு கையைத் தூக்கினார். கேள்வி கேட்டு வாங்குகிற பதிலின் லட்சணம் அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ அதைப் பிறகு காலேஜுக்குப் போய்ப் படித்தாய். மாப்பிள்ளையின் சித்தப்பா இலையை மூடிவிட்டு எழுந்து போனவர், இன்றுவரைக்கும் உன் பெரியப்பா வீட்டில் கை நனைக்கவில்லை. ஒரு உளுந்து வடைக்கு.

இந்த நினைப்போடு நான் சுற்றிக்கொண்டிருந்த சமயத்தில்தான் எரியோட்டுப் பக்கத்து ஊரில் அந்தப் பூக்காரம்மா என்னை நிறுத்தினார். பெயரைச் சொல்ல மாட்டேன். ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களின் பெயரை வெளியே விடக்கூடாது என்று நீ சொல்லியிருக்கிறாய். தோட்டத்தில் செவ்வந்தி போட்டிருக்கிறவர், குரல் என் ஸ்பீக்கருக்குச் சமம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஊரில் செவ்வந்தி போடுகிறவர்கள் பலர், ஆகவே கண்டுபிடிக்க முடியாது. குரலை வைத்துக் கண்டுபிடித்தால் நான் பொறுப்பில்லை. ஒரு துணிக்கடையின் ஆடித் தள்ளுபடிக்காக அந்தப் பக்கம் போயிருந்தேன்.

"அண்ணே, செத்த வண்டிய நிப்பாட்டுங்க. ஒங்க மக எதுத்த வீட்டுக்காரிக்குத் தெனமும் போன் போடுது. எனக்குப் போடல. ஏன்?"

"அது கம்ப்யூட்டரு சீட்டுக் குலுக்கிப் போட்டதும்மா."

"எனக்கும் அப்படித்தான் சொல்லுச்சு. கம்ப்யூட்டருக்கு எங்க வீட்டு மேல என்ன கோவம்? அவளுக்குப் போன் வந்தா வந்துட்டுப் போகுது. அவ வாசல்ல வந்து நின்னுல்ல பேசுறா. பேசுறது மிசினுன்னு எனக்குத் தெரியாதா? 'சரிம்மா, போட்டுர்றேம்மா, நீ சாப்டியாம்மா'ன்னு மிசினுக்குப் பதில் சொல்லுறா. என்னப் பாத்துக்கிட்டே சொல்லுறா."

எனக்கு அந்த மண்டபமும் மூடின இலையும் கண்ணில் வந்து நின்றன. என் மகள் ஒரு தெருவில் ஒரு வாசலுக்குப் பரிமாறி எதிர் வாசலை விட்டுவிட்டாள். நாளைக்கு இந்த ஊருக்குள் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மைக்கைப் பிடிப்பது? "ஒனக்குப் போன்தானம்மா வரல. நானே வாரேன்" என்று சொல்லிவிட்டேன். நீ போன் போடாதவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாது, நீ சொல்லவும் மாட்டாய். அதனால் ஊருக்கே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அதில் எனக்குச் சிரமம் ஒன்றுமில்லை.

மறுநாளிலிருந்து என் அறிவிப்பில் ஒரு வரி கூடியது. "பட்டுச் சேலைகள், பருத்திச் சேலைகள், பாதி விலையில். தாய்மார்களே, பெரியோர்களே, கிளம்புமுன் காலை மாத்திரை போட்டாயிற்றா? போடாதவர்கள் போட்டுவிட்டு வாருங்கள். சேலை எங்கும் போகாது." பூக்காரம்மா வாசலில் வந்து நின்று, எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டே தண்ணீரோடு மாத்திரையை விழுங்குவார். "அவளுக்கு மிசின் பேசுது, எனக்கு ஆளே வருது" என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாராம். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் உட்காருகிற ஒரு பெரியவர், தனக்கு சுகரே இல்லை, ஆனாலும் கேட்க நன்றாக இருக்கிறது என்றார். குஜிலியம்பாறைப் பக்கத்து ஊருக்கு நான் போகவில்லை. அந்தப் பக்கம் துணிக்கடைக்காரர் அனுப்பவில்லை. இல்லாவிட்டால் உன் ஆராய்ச்சி இரண்டு காலிலும் நொண்டியிருக்கும்.

ஆடி போய் ஆவணி வந்தது. கடைக்காரரும் தள்ளுபடியை நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. நீ அந்த ஊருக்குப் போகும் ஞாயிறு மட்டும் எனக்கு ஓய்வு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாய். திரையில் குஜிலியம்பாறைப் பக்கத்து ஊருக்கு ஒரு படம். அதில் போன் வந்தவர்களின் கோடு மேலே போகிறது, வராதவர்களின் கோடு கீழேயே கிடக்கிறது. எரியோட்டுப் பக்கத்து ஊருக்கு இன்னொரு படம். அதில் இரண்டு கோடும் ஒரே வண்டியில் பூட்டிய மாடுகள் மாதிரி ஒட்டிக்கொண்டு மேலே போகின்றன.

"ஏந்தாயி மொகம் இப்படி இருக்கு?"

"இந்த ஊர்ல வித்தியாசமே இல்லப்பா. போன் வராதவங்களும் ஒழுங்காச் சாப்பிடுறாங்க."

"நல்லதுதான. எல்லாரும் நல்லாருக்காக."

"நல்லதுதான். ஆனா ஏன்னு தெரியணும்ல. நாந்தான் எங்கயோ தப்புப் பண்ணிருக்கேன் போல."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. எல்லாம் முடிந்தபின் சொல்லி உன்னை அசத்தலாம், புத்தகத்தின் முன்பக்கத்தில் நன்றி சொல்லும்போது என் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுவாய் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். நீ டேப்லெட்டில் ஏற்றியதை எல்லாம் மறுபடி எண்ணினாய். ஏதோ ஆங்கில எழுத்து ஒன்றைப் பெயராக வைத்திருக்கும் சாப்ட்வேரில் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டாய். அது சிவப்பு எழுத்தில் உன்னைத் திட்டியது. ஹாஸ்டல் தோழியைக் கூப்பிட்டு, "சீட்டுக் குலுக்கினதுலயே எதும் கோளாறா இருக்குமாடி" என்று கேட்டாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தேன். ஸ்பீக்கர் கட்டியதைக்கூட நீ மன்னிக்கலாம். அந்தக் கடலையை மன்னிக்கவேண்டாம்.

எண்ணிக்கை பதில் சொல்லாவிட்டால் ஆளிடமே போய்க் கேட்கவேண்டும், அதற்கும் ஒரு முறை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எனக்குத் தெரியாமல் ஒரு வேலை நாளில் எரியோட்டு பஸ் ஏறிவிட்டாய். பூக்காரம்மா வீட்டில் உட்கார்ந்து, அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, பேச்சைப் போனில் பதிவு செய்தாய். அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு, அந்தப் பதிவை என் முன்னால் போட்டுக் காட்டினாயே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. என் வாழ்நாளில் நான் கேட்டதிலேயே மோசமான நிகழ்ச்சி அது. உன் குரல்தான் முதலில் வந்தது.

"மாத்திரை ஞாபகம் எப்படிக்கா வச்சுக்கிறீங்க?"

"நான் எதுக்கும்மா ஞாபகம் வச்சுக்கணும்? அவரு வந்து சொல்லிருவாருல்ல."

"யாரு?"

"ஒங்கப்பாதான்."

கோழி ஒன்று கத்தியது.

"எங்கப்பாவா?"

"ஒனக்குத் தெரியாதா? நீதான் அனுப்புறன்னுல்ல நாங்க நெனச்சோம். போன்ல சொன்னா ஒரு ஆளுக்கு, மைக்ல சொன்னா ஊருக்கேன்னாரு. நல்ல மனுசன். இந்தா வாராரு பாரு."

அதற்குப் பிறகு தூரத்திலிருந்து பட்டுச் சேலைகள், பருத்திச் சேலைகள் என்று ஒரு குரல் நெருங்கி நெருங்கி வருகிறது. நல்ல குரல்தான். கதவு திறக்கும் சத்தம். "யப்பா, வண்டிய நிப்பாட்டுங்க." உடனே ஸ்பீக்கரில், ஊர் முழுக்கக் கேட்க, "அட, நீயா? எப்பத்தா வந்த? சாப்டியா?" நீ பல்லைக் கடித்துக்கொண்டு "மைக்க ஆஃப் பண்ணுங்கப்பா" என்கிறாய். நான் ஸ்பீக்கரிலேயே, "எதுக்குத்தா?" என்கிறேன். அங்கேதான் நீ மைக்கைப் பிடுங்கினாய். கடைசியில் ஒரு கீச் சத்தம், அதோடு பதிவு முடிகிறது.

பதிவில் உள்ளதை ஒரு வார்த்தை விடாமல் டைப் அடிக்கவேண்டும் என்பது உங்கள் சட்டமாம். நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டே பருத்திச் சேலை பாதி விலை என்று டைப் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து உன் அம்மா, "கடைக்காரனே இம்புட்டு அக்கறையா எழுதி வைக்க மாட்டான்" என்றாள். நான் சிரித்திருக்கக் கூடாது.

"ஒங்களுக்குச் சிரிப்பா இருக்கா? யாரும் ஞாபகப்படுத்தாத ஆளுங்க இருந்தாத்தானப்பா, ஞாபகப்படுத்துறதுல பலன் இருக்கான்னு தெரியும்? இப்ப ரெண்டும் கலந்துபோச்சு. அந்த ஊரு மொத்தமும் வீணாப்போச்சு."

"ஒரு பந்தில பாதி எலைக்குப் போட்டுப் பாதி எலைய விடுறது நம்ம வழக்கமா தாயி?"

"இது பந்தி இல்லப்பா. நான் இன்னும் அரிசி வெந்துருச்சான்னு பாத்துக்கிட்டு இருக்கேன். வெந்துச்சான்னே தெரியாம எல்லா எலைக்கும் எப்படிப் போடுறது?"

எத்தனையோ மேடையில் மைக் கோளாறாகி நின்றிருக்கிறேன், வாய் கோளாறாகி நின்றது அன்றைக்குத்தான். உன் அம்மா கரண்டியை வைத்துவிட்டு என் முகத்தை வந்து பார்த்தாள். பிறகு போய் எனக்கு ஒரு காபி போட்டுக்கொண்டு வந்தாள், பெரிய சாவு வீட்டில் கொடுப்பது மாதிரி. நீ சொன்னதை நான் அதன்பின் பல நாள் மொபட்டில் போகும்போது யோசித்தேன். போனில் வரும் குரலால் பலன் இல்லை என்று தெரியவந்தால் அதை யாருக்கும் போடாமல் விட்டுவிடலாம், பலன் உண்டு என்று தெரிந்தால் ஊருக்கெல்லாம் கேட்டு வாங்கலாம். எதுவென்று தெரிவதற்குள் நான் கொதிக்கிற உலையில் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டேன். இது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. நான் எட்டாவதோடு நின்றதற்கு வாத்தியார்கள் மட்டும் காரணம் இல்லை.

அதிலிருந்து நீ என்னோடு பேசுவது குறைந்துவிட்டது. நான் போனை எடுத்தால், "அம்மா இருக்காங்களா" என்கிறாய். இருக்கிறாள், முப்பது வருசமாக இங்கேதான் இருக்கிறாள். சரி, கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ஸ்பீக்கரில் கேட்டபோதுதான் அது கோபம் இல்லை என்று தெரிந்தது. "டவர் இல்லன்னு எழுதிட்டு அந்த ஊர விட்டுர்றேம்மா. நடந்தத எழுதினா எங்க கைடு மேடம் படிப்பாங்க, வெளியூர்ல இருந்து வர்ற எக்ஸாமினர் படிப்பாங்க. அப்புறம் அந்தப் புத்தகம் லைப்ரரிலயே கெடக்கும்மா. வர்ற புள்ளைங்க எல்லாம் அப்பாவ வச்சுச் சிரிக்கும். எனக்கு அது வேண்டாம்." அப்படிச் சொல்லும்போது உன் குரல் உடைந்தது. உன் அம்மா கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வெங்காயம் எதையும் நறுக்காமலே கண்ணைத் துடைத்தேன்.

தாயி, என்னை வைத்து யாரும் சிரிக்கக் கூடாது என்று நினைத்த முதல் ஆள் நீதான். உன் அம்மாகூட நினைத்ததில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார். ஒருவர் வீட்டுக் காதுகுத்துக்கு வைத்திருந்த அறிவிப்பை இன்னொருவர் வீட்டுத் துக்கத்தில் வாசித்தவன் நான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு என்னை வைத்துச் சிரித்து முடித்துப் பல காலம் ஆகிறது. அந்த லைப்ரரியில் வந்து உட்காருகிற நாலு பிள்ளைகள் சிரித்தால் எனக்கு அது தூசு. பரீட்சை நேரத்தில் சிரித்தால் அவர்களுக்கும் நல்லது.

டவர் இல்லை என்று நீ எழுதினால் யாரும் சிரிக்க மாட்டார்கள், அது உண்மைதான். நம்பிவிடுவார்கள். அங்கேதான் எனக்குப் பயம். உன் புத்தகத்தை நாளைக்கு இன்னொரு பிள்ளை எடுத்துப் படிக்கும். நீ என்னிடம் சொன்னாயே, மற்றவர்கள் எழுதியதை எல்லாம் படித்த பிறகுதான் வாயைத் திறக்கவேண்டும் என்று, அப்படி ஒழுங்காகப் படிக்கிற பிள்ளை. படித்துவிட்டு, ஓ, எரியோட்டுப் பக்கம் டவர் கிடையாதாம், போனில் செய்கிற காரியம் அங்கே நடக்காது என்று அந்த ஊரை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போகும். போன் வரும், மாத்திரை வரும், இன்னும் என்னென்னவோ வரும், எல்லாம் அடுத்த ஊருக்கு வரும். பாதி இலையை விட்டாய் என்று உன்னோடு சண்டை போட்டவன் நான். நீ இப்போது மொத்த ஊரையும் பந்தியிலிருந்து எழுப்பிவிடப் போகிறாய், அதுவும் எனக்காக. பூக்காரம்மாவுக்கு இது தெரிந்தால் அவர் குரலை என்னால் தாங்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. இது உன் படிப்பு எனக்குக் கொடுத்த அறிவு, ஆகவே தவறாக இருந்தால் நீதான் பொறுப்பு. நீ மாத்திரையை எண்ணியது சரி. கணக்குப் போட்டது சரி. எங்கே கோணல் என்று தேடிப் போய் நேரில் கேட்டுக் கண்டுபிடித்தது எல்லாவற்றையும்விடச் சரி. எங்கேயோ தப்புப் பண்ணிருக்கேன் என்று நீ நகத்தைக் கடித்தாயே, நீ ஒரு தப்பும் செய்யவில்லை. திங்கட்கிழமை நீ செய்யப் போவதுதான் முதல் தப்பு. உன் மேடம் நல்லவர் என்று நீயே சொல்லியிருக்கிறாய். நடந்ததைச் சொன்னால் இரண்டு மாதம் தள்ளிப்போகலாம், மறுபடி ஒரு ஊரில் தொடங்கச் சொல்லலாம். சொல்லட்டும். நான் அந்த இரண்டு மாதமும் சத்தமில்லாமல் இருக்கிறேன். உன் அம்மா இதை நம்பவில்லை. ஆதாரம் வந்தால் நம்புகிறாளாம்.

அந்தப் பத்தியை எழுத உனக்குக் கை வராது என்று நானே எழுதிப் பார்த்தேன். முதலில், "பெரியோர்களே, தாய்மார்களே, மேற்படி ஊரில் நடந்தது யாதெனில்" என்று தொடங்கினேன். உன் அம்மா, "இது ஆராய்ச்சியா, எலெக்சனா?" என்றாள். அதைக் கிழித்துவிட்டு இரண்டாவதாக எழுதியது இது. "அந்த ஊரில் போன் வராதவர்களுக்கும் தினமும் காலையில் ஒருவர் ஒலிபெருக்கியில் மாத்திரையை நினைவூட்டி வந்தார். அவர் ஆராய்ச்சியாளரின் தகப்பனார். ஆராய்ச்சியாளருக்கு அது தெரியாது. தெரிந்ததும் மைக்கைப் பிடுங்கிவிட்டார்." கடைசி இரண்டு வரியை மட்டும் எடுத்துவிடாதே, அவை உனக்காக எழுதியவை. மற்றதை எப்படி வேண்டுமானாலும் உன் பாஷையில் மாற்றிக்கொள். தகப்பனார் என்பதற்குப் பதில் பெயரைப் போட்டாலும் எனக்குச் சம்மதம். எழுத்துப் பிழை மட்டும் இல்லாமல் போடு.

இந்தக் கடிதத்தை நம் தெருப் பையன் ஒருவன் வேலை பார்க்கும் மாதப் பத்திரிகைக்குக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை. அப்பன் வாயாலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டால் நீ யாருக்காகவும் எதையும் மூடி வைக்கவேண்டியதில்லை. சற்று முன் இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், செருப்பையும் போட்டுவிட்டேன். பிறகு கழற்றிவிட்டேன். போன தடவை உன்னைக் கேட்காமல்தான் மைக் சுவிட்சைப் போட்டேன், அதில் வந்ததுதான் இவ்வளவும். அதனால் இந்தத் தடவை கேட்கிறேன். ஒரே ஒரு பிரதிதான் எழுதியிருக்கிறேன், அது உன் கையில் இருக்கிறது. வேண்டாம் என்றால் மடித்து உன் பெட்டியில் போட்டுக்கொள், நான் மறுபடி வாயைத் திறக்க மாட்டேன். பத்தியை எழுதிவிட்டாயானால் நீயே இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பிவிடு. ஆகவே, நம்மைத் தவிர வேறு யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், அவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: என் மகள் எழுதிவிட்டாள்.